டிஜிட்டல் கேமராவை லினக்ஸ் கணினியில் யூஎஸ்பி வழியே இணைப்பது: உப்புக்காற்று ஊர்களுக்கான முழுமையான வழிகாட்டி

கேபிளைச் செருகியும் திரையில் ஒன்றும் வரவில்லையா? லினக்ஸைத் திட்டுவதற்கு முன் கேபிள் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று கடலை ஒட்டிய ஊர்களில் இரண்டு வருடம் பையில் கிடந்த கேபிளின் உள்முனை பச்சை பூத்துப் போயிருக்கும். அதைப் பார்க்காமல் கணினியில் எத்தனை கட்டளை அடித்தாலும் பயனில்லை. அதனால் இந்த வழிகாட்டி கேபிளில் தொடங்கி, கேமரா மெனு, கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி), டெஸ்க்டாப், கடைசியாகப் படம் எடுக்கும் நிரல் என்ற வரிசையில் போகிறது. பழுது தேடும்போதும் இதே வரிசையில் போங்கள். நடுவிலிருந்து தொடங்கினால் ஒரு மதியம் வீணாகும்.

கட்டளைகள் இங்கே ஒலிப்பின்படி தமிழில் இருக்கின்றன. டெர்மினலில் (கட்டளை அடிக்கும் சாளரத்தில்) அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும், பெரிய எழுத்து என்று தனியே சொன்ன இடம் தவிர. கோடு, இரட்டைக் கோடு, இடைவெளி எல்லாம் இங்கே இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். ஜிபோட்டோ2 என்ற பெயர் அடிக்கடி வரும், கேமராவோடு பேசிப் படங்களை இறக்கும் நிரல் அது. அதன் எழுத்துகள் ஜி, பி, ஹெச், ஓ, டி, ஓ, பிறகு 2.

கேபிளும் துளையும்

கேமராக்களில் நான்கு வகைத் துளைகளை அதிகம் பார்க்கலாம். பழைய டிஎஸ்எல்ஆர்களில் மினி-பி. அதற்குப் பிந்தையவற்றில் மைக்ரோ-பி. யூஎஸ்பி 3 வந்த சமயத்தில் வெளியான சில பெரிய மாடல்களில், இரண்டு துண்டாகப் பிரிந்தது போன்ற அகலமான மைக்ரோ-பி. இப்போதையவற்றில் டைப்-சி. சின்ன நிக்கான் கூல்பிக்ஸ்களிலும் பழைய ஒலிம்பஸ்களிலும் நிறுவனத்தின் சொந்த வடிவத் துளை இருக்கும். அதற்கு மொபைல் கடைக் கேபிள் பொருந்தாது. பொருந்துவது போலத் தெரிந்தால் அழுத்தாதீர்கள், முள் வளைந்துவிடும்.

பொருந்தும் கேபிளிலும் ஒரு வம்பு உண்டு. யூஎஸ்பி 2 கேபிளில் நான்கு கம்பிகள் வேண்டும்: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தரவுக்கு. மலிவான சார்ஜர் கேபிள்களில் தரவுக் கம்பிகளே இருக்காது. கேமராவில் சார்ஜ் விளக்கு எரியும், கணினி மட்டும் ஊமையாக இருக்கும். அதே கேபிளில் ஒரு போனை இணைத்துக் கோப்பு நகர்கிறதா என்று பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கேபிள் நீளம் 2 மீட்டருக்குள் இருப்பது நல்லது. யூஎஸ்பி 2-க்கு மேல் வரம்பு 5 மீட்டர்.

பச்சை பூப்பது ஏன்? முனையின் மேல்பூச்சு தேய்ந்த இடத்தில் உள்ளே இருக்கும் செம்பை உப்பும் ஈரமும் சேர்ந்து தின்கின்றன. கேபிளில் அப்படிக் கண்டால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். துடைத்தாலும் பூச்சு திரும்ப வராது, மறுபடி பூக்கும். கேமராத் துளையில் கண்டால் வேறு வழியில்லை, துடைத்துத்தான் ஆக வேண்டும். பேட்டரியைக் கழற்றுங்கள். 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலை மெல்லிய பிரஷ்ஷில் சொட்டாத அளவுக்குத் தொட்டு, துளையைக் கீழ்நோக்கிப் பிடித்து, நாலைந்து முறை தடவுங்கள். கால் மணி நேரம் காயவிட்டுப் பேட்டரியைப் போடுங்கள். குண்டூசி, தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் மூன்றும் ஆகாது. தனுஷ்கோடி அரிச்சல்முனை மணலில் நின்று எடுத்துவிட்டு வந்தால், ரப்பர் மூடியைத் திறப்பதற்கு முன் காற்று ஊதும் பல்பால் சுற்றிலும் ஊதிவிடுங்கள். மூடியைத் திறந்த பிறகு ஊதினால் மணல் உள்ளேதான் போகும்.

ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்த கேமராவில் ஈரம் பூக்கும். லென்ஸில் பூத்தது கண்ணுக்குத் தெரிகிறது, துளைக்குள் பூத்தது தெரியாது. அரை மணி நேரம் மூடிய பையிலேயே வைத்துவிட்டுப் பிறகு கேபிளைத் தொடுங்கள்.

கேமரா மெனுவில் பார்க்க வேண்டியவை

கேமரா கணினியோடு இரண்டு விதமாகப் பேசும். ஒன்று, பென்டிரைவ் போலத் தன்னைக் காட்டிக்கொள்வது, அதாவது மாஸ் ஸ்டோரேஜ். அப்போது கார்டு முழுவதும் கணினியின் கையில் போகும். இன்னொன்று பிடிபி. படப் பரிமாற்றத்துக்கென்றே வகுத்த நெறிமுறை இது, ஐஎஸ்ஓ 15740 என்ற தரமாகவும் இருக்கிறது. இதில் கார்டு கேமராவின் கையிலேயே இருக்கும். கணினி ஒவ்வொரு படமாகக் கேட்டு வாங்கும். எம்டிபி என்று மெனுவில் தெரிவது பிடிபியின் நீட்சிதான்.

கேனான் ஈஓஎஸ் வரிசையில் மாஸ் ஸ்டோரேஜ் என்ற தேர்வைத் தேடிக்கொண்டு இருக்காதீர்கள், பிடிபி மட்டுமே. பழைய நிக்கான் டிஎஸ்எல்ஆர் சிலவற்றில் இரண்டும் மெனுவில் இருக்கும். சோனியில் மாஸ் ஸ்டோரேஜ், எம்டிபி, பிசி ரிமோட் என்று மூன்று. படம் நகலெடுக்க முதல் இரண்டில் ஒன்று, கணினியிலிருந்து ஷட்டரை இயக்க மூன்றாவது. ஃபியூஜிஃபில்மில் கார்டு ரீடர் என்பதும் டெதர் (கணினியிலிருந்து கேமராவை இயக்குவது) என்பதும் தனித்தனி. டெதரில் விட்டுவிட்டுப் படங்கள் தெரியவில்லை என்று தேடினால் கிடைக்காது.

மெனுவை விட்டு வெளியே வருமுன் இரண்டு காரியம். வைஃபையை அணையுங்கள். வைஃபை இயங்கும்போது யூஎஸ்பியைக் கண்டுகொள்ளாத கேனான் மாடல்கள் உண்டு. அடுத்து, ஆட்டோ பவர் ஆஃப் நேரத்தைக் கூட்டுங்கள், முடிந்தால் அணைத்துவிடுங்கள். 400 படத்தில் 180 வந்ததும் கேமரா தூங்கிப்போவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். பேட்டரி பாதிக்கு மேல் இருக்கட்டும்.

கெர்னல் பார்க்கிறதா?

கேமராவை அணைத்த நிலையில் கேபிளைச் செருகுங்கள். டெர்மினலில் இதை ஓடவிடுங்கள்:

சூடோ டிமெஸ்ஜி --ஃபாலோ

(டிமெஸ்ஜியின் எழுத்துகள் டி, எம், ஈ, எஸ், ஜி. சூடோ என்பது கட்டளையை நிர்வாகி உரிமையோடு ஓடவைக்கும் சொல், எழுத்துகள் எஸ், யூ, டி, ஓ.) இப்போது கேமராவை இயக்கினால் ஓரிரு நொடியில் 'நியூ ஹை-ஸ்பீட் யூஎஸ்பி டிவைஸ்' என்ற வரி வர வேண்டும். ஒன்றுமே வரவில்லை என்றால் கேபிள், துளை, மெனு இந்த மூன்றுக்குத் திரும்புங்கள். அதற்கு மேல் உள்ள எந்த மென்பொருளும் உங்களுக்கு உதவாது.

வரியில் 'ஹை' என்பதற்குப் பதில் 'ஃபுல்-ஸ்பீட்' என்று இருந்தால் பெயரைக் கண்டு மகிழாதீர்கள். ஃபுல் என்பது நொடிக்கு 12 மெகாபிட், ஹை என்பது 480. நடைமுறையில் ஹை-ஸ்பீடில் நொடிக்கு 30 மெகாபைட் வரை கிடைத்தால் நல்லது. 64 ஜிபி கார்டு அரை மணிக்குச் சற்று மேல் எடுக்கும். அதே கார்டு ஃபுல்-ஸ்பீடில் பதினேழு பதினெட்டு மணி நேரம் இழுக்கும். ஹை-ஸ்பீடு கேமரா ஃபுல்-ஸ்பீடில் இறங்கி நின்றால் தொடுமுனையில் அழுக்கு இருக்கிறதென்று வைத்துக்கொண்டு துடையுங்கள்.

பிழை எண்களில் இரண்டை நினைவில் வைத்தால் போதும். கழித்தல் 71 என்றால் சமிக்ஞை கலங்கி வருகிறது. கழித்தல் 110 என்றால் கேமரா நேரத்துக்குப் பதில் சொல்லவில்லை. முதலாவதற்குக் கேபிளை மாற்றுங்கள். இரண்டாவதற்குக் கேமராவை அணைத்து, பேட்டரியைப் பத்து நொடி கழற்றிப் போடுங்கள். பழைய கேமரா ஒன்று நீல நிற யூஎஸ்பி 3 துளையில் முரண்டு பிடித்தால் கறுப்புத் துளையில் செருகிப் பாருங்கள்.

அடுத்து எல்எஸ்யூஎஸ்பி என்று அடியுங்கள். பட்டியலில் கேமராவின் நிறுவன எண் தெரியும்: கேனான் 04ஏ9, நிக்கான் 04பி0, சோனி 054சி, ஃபியூஜிஃபில்ம் 04சிபி, ஒலிம்பஸ் 07பி4, பானசோனிக் 04டிஏ. எண் தெரிந்துவிட்டால் வன்பொருள் பக்கம் முடிந்தது.

நிரலை நிறுவுதல்

டெபியன், உபுண்டு, மின்ட் என்று எதுவாக இருந்தாலும்:

சூடோ ஏப்ட் இன்ஸ்டால் ஜிபோட்டோ2

அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் வந்த பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான், அதே கட்டளை. ஆனால் அந்தப் பழைய பதிப்புகளில் ஜிபோட்டோ2 சார்ந்திருக்கும் நூலகமும் (கேமரா மாடல்களை அறிந்த நிரல் தொகுப்பு) பழையது. புதிய கேமராவைச் சொருகினால் மாடல் பெயர் வராமல் 'யூஎஸ்பி பிடிபி கிளாஸ் கேமரா' என்று பொதுப்பெயர் மட்டும் வரும். படம் நகலெடுக்க அது போதும். கணினியிலிருந்து ஷட்டரை இயக்க வேண்டுமென்றால் புதிய லினக்ஸ் பதிப்பு ஒன்றை ஏற்றிக்கொள்வதே நல்லது. 2 ஜிபி நினைவகம் உள்ள அந்த மடிக்கணினிகளுக்கு எக்ஸ்எஃப்சிஇ போன்ற இலகுவான டெஸ்க்டாப் பொருந்தும்.

நிறுவியதும் சோதனை:

ஜிபோட்டோ2 --ஆட்டோ-டிடெக்ட்
ஜிபோட்டோ2 --சம்மரி

முதலாவது மாடலையும் துளையையும் காட்டும். இரண்டாவது கேமராவோடு உண்மையாகவே பேசிப் பார்க்கும். முதலாவது வந்து இரண்டாவது வராமல் போனால்தான் அடுத்த பகுதி உங்களுக்கு.

கழித்தல் 53

லினக்ஸில் கேமரா இணைப்பவர்கள் எல்லோரும் ஒருநாள் இந்தப் பிழையைச் சந்திப்பார்கள்: 'குட் நாட் கிளெய்ம் தி யூஎஸ்பி டிவைஸ்'. கேமரா பழுதில்லை, கேபிள் பழுதில்லை. உங்களுக்கு முன்பே டெஸ்க்டாப் கேமராவைப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். பிடிபி சாதனத்தை ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் பிடித்திருக்க முடியும். கினோம், மின்ட், எக்ஸ்எஃப்சிஇ ஆகியவற்றில் ஜிவிஎஃப்எஸ் என்ற பின்னணிச் சேவை, கேமராவைச் செருகிய உடனே அதை ஏற்றிக்கொண்டு கோப்பு மேலாளரில் ஐகானாகக் காட்டிவிடும்.

நாலைந்து படம் மட்டும் வேண்டுமென்றால் சண்டையே வேண்டாம், அந்த ஐகானைத் திறந்து இழுத்துப் போடுங்கள். நூற்றுக்கணக்கில் வேண்டுமென்றால் டெஸ்க்டாப்பை விலக்குங்கள். ஐகானில் வலது சொடுக்கி அன்மவுண்ட் கொடுக்கலாம், அல்லது:

ஜியோ மவுண்ட் -எஸ் ஜிபோட்டோ2

(ஜியோ என்பது ஜி, ஐ, ஓ என்ற மூன்றெழுத்து.) அதன் பிறகும் 53 வந்தால் கண்காணிக்கும் சேவையை நிறுத்துங்கள்:

பிகில் -எஃப் ஜிவிஎஃப்எஸ்-ஜிபோட்டோ2

(பிகில் என்பது பி, கே, ஐ, எல், எல்.) அடுத்த முறை உள்நுழையும்போது அந்தச் சேவை தானே திரும்ப வரும். தினமும் கேமராவோடு வேலை செய்யும் ஸ்டுடியோக் கணினியில் ஒரேயடியாகத் தடுப்பதுதான் நிம்மதி:

சிஸ்டம்சிடிஎல் --யூசர் மாஸ்க் ஜிவிஎஃப்எஸ்-ஜிபோட்டோ2-வால்யூம்-மானிட்டர்.சர்வீஸ்

மாஸ்க் என்பதை அன்மாஸ்க் என்று மாற்றினால் பழையபடி ஆகும். டார்க்டேபிள், டிஜிகேம் போன்ற நிரல் ஒன்று பின்னால் திறந்து கிடந்தாலும் இதே 53 வரும், அதையும் பார்த்து மூடுங்கள்.

சூடோ சேர்த்தால் ஓடுகிறது, சேர்க்காவிட்டால் ஓடவில்லை என்றால் அது வேறு நோய்: அனுமதி. பழைய டெபியன் வகைகளில் உங்கள் பயனர் பெயரைப் பிளக்டெவ் குழுவில் சேர்த்து, வெளியேறி, மறுபடி உள்நுழையுங்கள். அவசரத்துக்கு சூடோ போட்டே படங்களை இறக்குபவர்கள் உண்டு. அப்படி இறக்கிய கோப்புகளுக்கு ரூட் என்ற நிர்வாகிக் கணக்கு உரிமையாளராகிவிடும், பிறகு உங்களால் பெயர்கூட மாற்ற முடியாது.

படங்களை இறக்குதல்

ஒரு புதிய கோப்புறை உருவாக்கி அதற்குள் போய் நில்லுங்கள். ஜிபோட்டோ2 எந்தக் கோப்புறையில் நிற்கிறதோ அங்கேயே கொட்டும்.

ஜிபோட்டோ2 --லிஸ்ட்-ஃபைல்ஸ்

ஒவ்வொரு கோப்புறையிலும் எத்தனை கோப்பு என்று எண்ணிக்கையோடு வரும். அதைக் குறித்து வையுங்கள், கடைசியில் தேவைப்படும். பிறகு:

ஜிபோட்டோ2 --கெட்-ஆல்-ஃபைல்ஸ் --ஸ்கிப்-எக்ஸிஸ்டிங்

இரண்டாவது சொல்லை விட்டுவிடாதீர்கள். இறக்கிக்கொண்டு இருக்கும்போது கரண்ட் போய்விட்டாலோ கேபிள் அசைந்துவிட்டாலோ, அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் ஏற்கெனவே வந்ததை விட்டுவிட்டு மிச்சத்தை எடுக்கும். அறுந்த நேரத்தில் பாதியில் நின்ற கோப்பு ஏதாவது இருந்தால் மட்டும் அதை முதலில் அழித்துவிடுங்கள். குறிப்பிட்ட படங்கள் மட்டும் போதுமென்றால் --கெட்-ஃபைல் 15-40 என்று எண் கொடுக்கலாம்.

பெயர் மோதல் என்பது கல்யாண வீட்டு வேலையில் பெரிய தலைவலி. கேமராவின் கோப்பு எண் 0001-லிருந்து 9999 வரை போய் மறுபடி 0001-க்கு வந்துவிடும். இரண்டு கேனான்களில் எடுத்தால் இரண்டிலும் ஐஎம்ஜி_0412 இருக்கும். ஒரே கோப்புறையில் இறக்கினால் மேலெழுதட்டுமா என்று கேட்கும். தூக்கக் கலக்கத்தில் ஆம் என்று தட்டினால் தாலி கட்டிய படம் போனது போனதுதான். இன்னும் மோசம், ஸ்கிப் போட்டிருந்தால் கேட்காமலே இரண்டாவது கேமராவின் படத்தை விட்டுவிடும். கேமராவுக்கு ஒரு கோப்புறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு --ஃபைல்நேம் என்ற தேர்வால் படம் எடுத்த நேரத்தைப் பெயரில் சேர்க்கலாம். அதற்கான வடிவத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் முன் சதவீதக் குறி வேண்டும்: ஆண்டுக்குப் பெரிய ஒய், மாதத்துக்குச் சிறிய எம், நாளுக்குச் சிறிய டி, மணிக்குப் பெரிய ஹெச், நிமிடத்துக்குப் பெரிய எம், நொடிக்குப் பெரிய எஸ், பழைய பெயருக்குச் சிறிய எஃப், பிறகு ஒரு புள்ளி, கடைசியில் கோப்பு வகைக்குப் பெரிய சி. முழுவதையும் மேற்கோள் குறிக்குள் வையுங்கள். கோப்பு வகையை விட்டுவிட்டால் ராவும் ஜேபெக்கும் ஒரே பெயரில் வந்து ஒன்றின்மேல் ஒன்று விழும்.

பெயரில் நேரம் சரியாக வர வேண்டுமென்றால் கேமராக் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். முகூர்த்தத்துக்கு முன்பே ஒவ்வொரு கேமராவையும் இணைத்து --செட்-கான்ஃபிக் டேட்டைம்=நவ் என்று கொடுத்தால், இந்த அமைப்பை ஏற்கும் மாடல்களில் கணினியின் நேரம் ஏறிவிடும். ஏறிய பிறகு கேமராத் திரையில் மணியைப் பாருங்கள். ஐந்தரை மணி நேரம் தள்ளி நின்றால் கையால் திருத்துங்கள்.

இறங்கி முடிந்ததும் மூன்று சோதனைகள். முன்பு குறித்த எண்ணிக்கையும் கோப்புறையில் இருக்கும் எண்ணிக்கையும் ஒன்றா? ஃபைண்ட் . -சைஸ் 0 என்று கொடுத்து வெறுங்கோப்பு ஏதும் இருக்கிறதா? முதலும் நடுவும் கடைசியுமாகச் சில படங்கள் முழு அளவில் திறக்கின்றனவா? இதன் பிறகு வேறொரு ஹார்டு டிஸ்கில் இரண்டாவது நகல் போட்டுவிட்டுத்தான் கார்டை அழிக்க வேண்டும். அதையும் கேமராவின் ஃபார்மேட் மெனுவில் செய்யுங்கள். --டெலீட்-ஆல்-ஃபைல்ஸ் என்று ஒரு தேர்வு இருக்கிறது, இல்லாதது போலவே நடந்துகொள்ளுங்கள்.

கார்டு ரீடரா, கேபிளா?

கடற்கரை ஊருக்கு, நகலெடுக்க மட்டும் என்றால், எஸ்டி கார்டு உள்ள கேமராக்களில் எங்கள் ஓட்டு கார்டு ரீடருக்கு. ரீடர் துருப்பிடித்தால் சில நூறு ரூபாயில் முடிந்தது, கேமராத் துளை போனால் போர்டு வரைக்கும் செலவு. வேகமும் கூடுதல். பழைய சிஎஃப் கார்டு கேமராவுக்கு நேர்மாறு. அதன் உள்முட்கள் ஊசி மாதிரி, கார்டைக் கோணலாகச் செருகினால் வளைந்துவிடும். அங்கே கேபிளே பாதுகாப்பு.

32 ஜிபி வரையிலான கார்டுகள் ஃபேட்32-ல் வரும், அதற்கு மேல் எக்ஸ்ஃபேட். எக்ஸ்ஃபேட் வசதி லினக்ஸ் கெர்னலிலேயே 5.4 பதிப்பிலிருந்து வந்தது. பழைய கணினியில் 64 ஜிபி கார்டு திறக்க மறுத்தால் எக்ஸ்ஃபேட்-ஃப்யூஸ் என்ற தொகுப்பை நிறுவுங்கள். படிக்க முடிகிறது, எழுத முடியவில்லை என்றால் கார்டின் ஓரத்தில் உள்ள பூட்டுத் தாழ்ப்பாளைப் பாருங்கள். ஈஜெக்ட் கொடுத்த பிறகே கார்டை உருவுங்கள். கார்டு பாழாகி படங்கள் காணவில்லை என்றால் அதில் மேற்கொண்டு ஒன்றும் எழுதாமல் போட்டோரெக் என்ற இலவச மீட்பு நிரலை ஓடவிடுங்கள். மீட்ட படங்களை அதே கார்டில் சேமிக்காதீர்கள்.

கணினியிலிருந்து படம் எடுத்தல்

இதற்குக் கேபிள்தான், ரீடரால் முடியாது. காரங்காடு அலையாத்திக் காட்டில் நீர் ஏறி இறங்குவதையோ பாம்பன் பாலத்தின் மேல் மேகம் நகர்வதையோ இடைவெளி விட்டு எடுக்க:

ஜிபோட்டோ2 --செட்-கான்ஃபிக் கேப்சர்டார்கெட்=1
ஜிபோட்டோ2 --கேப்சர்-இமேஜ்-அண்ட்-டவுன்லோட் --கீப் --இன்டர்வெல் 10 --ஃப்ரேம்ஸ் 360 --ஃபைல்நேம் (மேலே சொன்ன வடிவம்)

பத்து நொடிக்கு ஒன்றாக 360 படம், மொத்தம் ஒரு மணி நேரம். நொடிக்கு 24 சட்டமாக ஓட்டினால் 15 நொடிக் காணொளி. முதல் வரி படத்தைக் கார்டில் பதியச் சொல்கிறது. கீப் இல்லாவிட்டால் கணினிக்கு வந்ததும் கார்டிலிருந்து அழிந்துவிடும். ஷட்டர் அழுத்தாமல் பிழை வந்தால் லென்ஸை மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றுங்கள். வானமும் தண்ணீரும் மட்டும் இருக்கும் சட்டத்தில் ஆட்டோஃபோகஸ் பிடிமானம் இல்லாமல் திணறி நின்றுவிடும்.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கேபிள் ஆடிக்கொண்டே இருக்கும். துளையிலிருந்து ஒரு சாண் விட்டு, முக்காலியின் காலில் கேபிளை ஒரு சுற்றுச் சுற்றி டேப் போடுங்கள். யாராவது தடுக்கினாலும் இழுவை முக்காலியோடு நின்றுவிடும். மடிக்கணினிக்குக் குடை கட்டாயம், வெயிலில் திரையும் தெரியாது, சூடேறித் தானே அணைந்தும் போகும். நடுவில் நிறுத்த கண்ட்ரோலும் சி-யும். கேமராவை அணைத்து, கேபிளை உருவி, முனைகளை உலர்ந்த துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் பையில் போட்டுப் பூட்டுங்கள்.